அந்த நாய்க்குச் சடை பிரிப்பது யார்?

இது நடந்தது. இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவன் என்னோடு பஸ் ஓட்டும் வின்ஸெ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இன்னொருத்தி என் மனைவி எதெல்கா. அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்ன பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பர்னபாஷ். வெலென்ஸெ ஏரிக்கரை ஊர்களுக்குப் பதினெட்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன். நிமிஷம் பார்த்துப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். அதனால் கீழே வரும் நேரமெல்லாம் சரியான நேரம். மற்றதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

போன அக்டோபரில்தான் எதெல்காவின் வீட்டுக்குக் குடிவந்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது, முதல் கல்யாணம். அவளுக்கு இரண்டாவது. முதல் கணவன் அம்ப்ருஷ் ஏரியில் நாணல் அறுக்கிறவன். நான் வருவதற்கு இரண்டு குளிர்காலம் முன்பு ஒரு மூடுபனி நாளில் உறைந்த ஏரிமேல் நடந்து போனான். பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேற்கொண்டு நான் கேட்டதில்லை. கேட்டால் அவனைப் பற்றி அரை மணி நேரம் பேசுவாள். அது எனக்குப் பிடிக்காது.

ஆமாம், பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது? அவனுடைய நாணல் அறுக்கும் பூட்ஸ் இன்னும் கதவோரம் நின்றது. அவனுடைய நீலப் பீங்கான் கோப்பை அலமாரியில் தனியாக இருந்தது. அதில் யாரும் குடிக்கக் கூடாது. எனக்குக் கிடைத்தது பெட்ரோல் பங்கில் இலவசமாகக் கொடுத்த கோப்பை. அவரைக்காய் சூப்பில் நான் மிளகாய்த்தூள் போட்டால், அம்ப்ருஷ் கடைசியில்தான் போடுவான் என்பாள். அவளுடைய பன்னிரண்டு வயது மகள் பிரோஷ்கா என்னை அப்பா என்று கூப்பிட மாட்டாள். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். செத்துப்போனவன் சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டான், குறட்டை விட மாட்டான், தப்பே செய்ய மாட்டான். அவனோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

இதெல்லாம் போகட்டும். என்னை நிஜமாக எரிய வைத்தது அந்த வீட்டு நாய்.

கொரோம் என்று பெயர். அடுப்புக்கரி என்று அர்த்தம், நிறமும் அதுதான். எங்கள் ஹங்கேரியச் சடைநாய். தலை முதல் வால் வரை விரல் தடிமனில் சடை சடையாகத் தொங்கும். கண் தெரியாது, கால் தெரியாது. படுத்துவிட்டால் எது முன், எது பின் என்று புரியாது. நான் வந்த முதல் நாள் அதன் பின்பக்கத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே ஐந்து நிமிஷம் கொஞ்சினேன். பிரோஷ்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அது ஆடு மேய்க்கும் ஜாதி. வீட்டில் ஆடு இல்லை. அதனால் நாங்கள்தான் அதற்கு ஆடு. தினமும் இருட்டத் தொடங்கியதும் கிளம்பும். ஆளின் பின்னால் வந்து முழங்காலுக்குப் பின்புறம் மூக்கால் முட்டும். தப். நகரும்வரை முட்டும். எதெல்காவைத் தோட்டத்திலிருந்து ஓட்டி வரும். பிரோஷ்காவை மாடியிலிருந்து இறக்கும். எல்லோரும் சமையலறைக்கு வந்ததும் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும். எண்ணிக்கை சரி என்று அர்த்தம். யாராவது குறைந்தால் படுக்காது, குரைக்கும். மூன்று குரைப்பு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. அம்ப்ருஷ் போனபிறகு இரண்டு மாதம் விடாமல் அப்படிக் குரைத்ததாம்.

என்னை அது ஒரு நாளும் முட்டவில்லை.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேலை முடிந்து வந்து, இருட்டும் நேரத்தில், வேண்டுமென்றே முற்றத்தில் போய் நிற்பேன். முழங்காலைக்கூடக் கொஞ்சம் வாகாக வளைத்து வைத்துக்கொள்வேன். கொரோம் என்னைச் சுற்றிக்கொண்டு போகும், கிணற்றைச் சுற்றிப் போவது மாதிரி. எதெல்காவை முட்டும். பிரோஷ்காவை முட்டும். படுத்துவிடும். நான் வெளியே குளிரில் நிற்பேன், எண்ணிக்கை சரியாக இருக்கும்.

"உங்கள அது எண்ணாது, பர்னபாஷ்" என்றாள் பிரோஷ்கா ஒரு நாள், ஜன்னலைத் திறந்து.

"ஏன், நான் என்ன குறைச்சல்?"

"ஆட்டு நாய் ஓநாயை எண்ணுமா?"

எதெல்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

இனி சடை விஷயம். இந்த நாய்களின் சடையை வாராவாரம் கையால் பிரித்துவிட வேண்டும். வேரோடு வேர் ஒட்டிக்கொள்ளும். விரலைக் கொடுத்துக் கிழித்துத்தான் பிரிக்க முடியும். பர்ர்ர்... என்று சத்தம் வரும். விட்டுவிட்டால் மொத்த உடம்பும் பலகையாகிவிடும். அம்ப்ருஷ் செத்தபிறகு எதெல்காவுக்கு அதைத் தொட மனசு வரவில்லை. இரண்டு வருஷத்தில் கொரோம் முதுகில் பலகை கட்டியது போல ஆகிவிட்டது. நான் வந்தபோது அப்படித்தான் இருந்தது.

வந்த முதல் வாரம் பிடரியில் நான்கைந்து சடை பிரிந்திருந்தது. அடுத்த வாரம் தோள்வரை. எதெல்காவுக்கு மனசு தேறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து என் கையை எட்டிப் பிடித்தாள்.

"நான் பார்த்துட்டேன்."

"எதை?"

"நடிக்காத. கொரோம் சடையை. ரெண்டு வருஷமா பலகையா கெடந்துச்சு. நீ வந்த வாரத்துலேர்ந்து ஒண்ணொண்ணா பிரிஞ்சுட்டு வருது. எனக்குத் தெரியாம உக்காந்து பண்ற, இல்ல?"

நான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணில் தண்ணீர்.

"அம்ப்ருஷும் இப்படித்தான். நான் பார்க்க ஒரு நாளும் செஞ்சதில்ல. செஞ்சேன்னு சொல்லிக்கவும் மாட்டான். உன்னை நான் இத்தனை நாளா சரியா புரிஞ்சுக்கல, பர்னபாஷ்."

'நான் இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை.

"ஏதோ... முடிஞ்சதைச் செஞ்சேன்" என்றேன்.

அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். நீலக் கோப்பையை எடுத்துக் கழுவி, அதில் எனக்குக் காப்பி ஊற்றினாள். அந்த வீட்டில் நான் மனிதனானது அன்றைக்குத்தான். ஒரு பொய்யால் ஆனேன்.

அப்படியானால் யார் பிரிக்கிறார்கள்? பிரோஷ்காவைக் கேட்டேன். "அய்யோ, ஈரக் கம்பளி நாத்தம். நான் தொடவே மாட்டேன்" என்றாள். பக்கத்தில் வீடு கிடையாது. ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் நாணல், அதற்கப்பால் ஏரி.

டிசம்பர் 9, மாலை 4.20. முற்றத்தின் மூலையில் தனியாக நிற்கிறது கோடைச் சமையலறை, வெயில் காலத்தில் மட்டும் சமைக்கும் சின்னக் கட்டடம். பழைய கதவு, புதுப் பூட்டு. பூட்டைச் சுற்றி மரம் பிளந்து, ஆணி அடித்து ஒட்டுப்போட்டிருக்கும். அதன் சுவரோரம் கொரோம் உட்கார்ந்திருந்தது. அசையாமல். அந்த நாய் ஐந்து நொடி சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சத்தம் கேட்டது.

பர்ர்ர்...

இடைவெளி.

பர்ர்ர்...

கிட்டே போனேன். சத்தம் நின்றது. நாய் எழுந்து உதறிக்கொண்டு போய்விட்டது. அதன் இடுப்பில் இரண்டு சடை புதிதாகப் பிரிந்து தொங்கியது. நேற்று அவை ஒன்றாக இருந்தன.

பயந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். அம்ப்ருஷ்! வேறு யார்? இரண்டு வருஷம் சும்மா கிடந்தவன், நான் வந்ததும் வந்துவிட்டான். செத்தபிறகும் நல்ல பெயர் எடுக்கிறான். நான் அதைத் திருடி அவன் கோப்பையிலேயே காப்பி குடிக்கிறேன். அவனுக்கு அது தெரியாமலா இருக்கும்?

கிறிஸ்துமஸுக்குள் வால்வரை பிரிந்துவிட்டது. எதெல்கா என் கன்னத்தைக் கிள்ளி, "கைகாரன்யா நீ" என்றாள். அந்த வார்த்தை என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. ஒரு முடிவுக்கு வந்தேன். பொய்யை நிஜமாக்கிவிட வேண்டும். என் கையாலேயே ஒருமுறை மொத்தச் சடையையும் பிரித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவனுக்கு இங்கே வேலை இல்லை.

ஜனவரி 17, சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. அம்மாவும் மகளும் ஷூ வாங்க ஃபெஹெர்வார் டவுனுக்குப் போனார்கள். திரும்பி வருவது 5.05 பஸ்ஸில். காலை பத்து மணிக்கு கொரோமைக் குளிப்பாட்டினேன். குளித்தால் வேரெல்லாம் மறுபடி ஒட்டிக்கொள்ளும், நான் பிரிக்க வேலை இருக்கும். காய்வதற்கே இரண்டு நாள் ஆகும். காய்வதற்குள் பிரித்துவிட வேண்டும். கோடைச் சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்து, நாயை உள்ளே உட்கார வைத்து, நானும் உட்கார்ந்தேன்.

பிரிப்பது சும்மா இல்லை. நகம் பெயர்ந்தது. நாய் நெளிந்தது. நான்கு மணிக்கு எண்ணிப் பார்த்தேன். இடது தோளில் ஒன்பது சடை. இன்னும் நூற்றுக்கணக்கில் இருந்தன.

4.12. விறகு தீர்ந்துவிட்டது. வெளியே வந்தேன். ஈர நாய் குளிரில் ஓடிவிடக் கூடாதென்று கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டேன். மூடுபனி இறங்கியிருந்தது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. விறகை ஒவ்வொன்றாகக் கைமேல் அடுக்கினேன்.

தப்.

வலது முழங்காலுக்குப் பின்னால்.

விறகெல்லாம் கீழே விழுந்தது. நான் அசையவில்லை. மறுபடி, இடது முழங்காலில்... தப்.

நாயைப் பூட்டிவைத்தது அந்த நொடியில் மறந்தே போயிற்று. மூன்றரை மாதம்! கடைசியில் என்னையும் எண்ணிவிட்டது. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் போய்விடுமோ என்று ஒரு பயம்.

"வரேன்டா... வரேன்" என்றேன். சிரித்துக்கொண்டே நடந்தேன்.

தப். தப். வலதில் முட்டினால் இடப்பக்கம் திரும்பினேன். இடதில் முட்டினால் வலப்பக்கம். வீட்டுச் சமையலறை எந்தப் பக்கம் என்று பனியில் தெரியவில்லை. அதற்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

முற்றத்துக் கேட்டைத் தாண்டினேன். கேட் திறந்திருந்தது. நான் அதை மூடியிருந்தேன்.

நடந்தேன்.

என் பேண்ட் நனையவில்லை. அப்போதுதான் உறைத்தது. சொட்டச் சொட்டக் குளித்த நாய்... முட்டிய இடம் காய்ந்திருந்தது.

தப். இந்த முறை தொடையில்.

தப். இடுப்பில்.

நாயின் மூக்கு அவ்வளவு உயரம் வராது.

இரண்டு பக்கமும் நாணல் உரசியது. காலடியில் பனி நறநறவென்று நொறுங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தச் சத்தம் மாறியது.

டங்...

ஏரி.

நின்றேன். முதுகின் நடுவில் ஏதோ பதிந்தது. அகலமாக. உள்ளங்கை மாதிரி. அது தள்ளவில்லை. காத்திருந்தது.

அப்போது தூரத்தில், எனக்கு நேர் பின்னால், குரைப்பு.

வவ் வவ் வவ்.

இடைவெளி.

வவ் வவ் வவ்.

கொரோம். பூட்டிய அறைக்குள்ளிருந்து. சாவி என் பையில் இருந்தது. பைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

கூட்டத்தில் ஒன்று குறைந்தால் மட்டும் குரைக்கும் குரைப்பு. வீட்டில் வேறு யாரும் இல்லை. அது எனக்காகத்தான் குரைத்தது.

"அம்ப்ருஷ்..." என்றேன். "நான் பொய் சொல்லிட்டேன். ஒத்துக்கிறேன். விட்டுரு."

முதுகிலிருந்து கை எடுபட்டது.

மூச்சு விட்டேன்.

பிறகு... பிடரியில். என் முடிக்குள். மெதுவாக. விரல்கள்.

பிரித்துப் பார்த்தன.

மெல்லிய பனிக்கட்டியில் நிற்கக் கூடாது, படுத்துவிட வேண்டும். ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். விழுந்தேன். வயிற்றால் ஊர்ந்தேன். கீழே பனிக்கட்டி நீளமாக முனகியது.

வவ் வவ் வவ்.

அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்தேன். நாணல்.

வவ் வவ் வவ்.

மண்.

கேட்.

4.41. பூட்டுத் துளை கிடைக்கவில்லை. மூன்றாவது தடவையில்தான் திறந்தேன். கொரோம் பாய்ந்து வந்து என் காலைச் சுற்றியது. கதவின் உள்பக்கமெல்லாம் நகக்கீறல். தரையில் ஈரம்.

அடுப்பு வெளிச்சத்தில் அதைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து வால்வரை, இரண்டு பக்கமும், ஒவ்வொரு சடையும் தனித்தனியாக, சொட்டச் சொட்டத் தொங்கியது.

பல நாள் வேலை. நான் வெளியே இருந்தது இருபத்தொன்பது நிமிஷம்.

5.14க்கு அம்மாவும் மகளும் வந்தார்கள். பிரோஷ்கா புது ஷூவைப் போட்டுப் பார்க்க மாடிக்கு ஓடினாள். எதெல்கா என் முகத்தைப் பார்த்தாள், கோட்டு முழுக்க இருந்த சேற்றைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அதையும் சொன்னேன்.

"சடை பிரிச்சது நான் இல்ல, எதெல்கா. ஒரு நாளும் நான் இல்ல. உன் அம்ப்ருஷ்தான். இந்தா, அவன் கோப்பை. எடுத்து வெச்சுக்கோ."

கத்துவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனும் இதையேதான் சொன்னான்" என்றாள்.

"யாரு?"

"அம்ப்ருஷ். 'நான் இல்ல எதெல்கா, நான் ஒரு நாளும் அந்த நாயைத் தொட்டதில்ல, நீயா நெனச்சுக்கிட்ட, நானும் விட்டுட்டேன்'னான். வெளையாடறான்னு நெனச்சேன். 'அப்போ எவன்டா வந்து பிரிக்கிறான், எனக்குத் தெரியாம'ன்னு கேட்டுச் சிரிச்சேன். அவன் சிரிக்கல. 'அதைத்தான் நானும் கேக்கறேன், எவன்'னான். மூஞ்சியே சரியில்ல."

"எப்போ சொன்னான்?"

"போறதுக்கு முந்தின ராத்திரி."

அடுப்பில் விறகு சரிந்தது. இருவரும் திடுக்கிட்டோம்.

"அன்னிக்கு நாய் எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். மூன்றரை மாதத்தில் நான் அம்ப்ருஷைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

"உள்ள. கோடைச் சமையல்ரூம்ல. நானும் பிரோஷ்காவும் ஊர்ல இல்ல. வந்து பார்த்தா கதவு பூட்டியிருக்கு, உள்ள அது குரைக்குது. சாவியக் காணோம். கடப்பாறையால பூட்டை ஒடைச்சுத்தான் அதை வெளிய எடுத்தேன்." குரல் இறங்கியது. "சாவி மூணாம் நாள் கெடச்சுது. அம்ப்ருஷோட கோட்டுப் பையில. ஐஸுக்கு அடியிலேர்ந்து அவனைத் தூக்கினப்போ."

"நாய் எப்படி இருந்துச்சு?"

"குளிப்பாட்டியிருந்தான் போலிருக்கு. தெப்பமா நனைஞ்சிருந்துச்சு."

"சடை?"

"ஒண்ணு விடாம பிரிஞ்சிருந்துச்சு" என்றாள். 

மூன்றரை மாதம் நான் ஒரு மனிதன்மேல் பொறாமைப்பட்டேன். அவன் பாவம், இதே வீட்டில், இதே கோப்பையோடு, யார் என்றே தெரியாத ஒருத்தன்மேல் பொறாமைப்பட்டுச் செத்திருக்கிறான்.

அப்போது முழங்காலுக்குப் பின்னால் முட்டியது. தப். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டேன். ஈரம். கொரோம். என்னையும் எதெல்காவையும், மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த பிரோஷ்காவையும் சுற்றி ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கதவுக்குக் குறுக்கே படுத்தது. இப்போது தினமும் என்னையும் எண்ணுகிறது. நானும் தினமும் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. எதெல்கா ஆட்டு ரோமம் வெட்டும் பெரிய கத்தரியை எடுத்து வந்தாள்.

"மொத்தத்தையும் ஒட்ட வெட்டிடறேன். சடை இருந்தாத்தானே பிரிக்கும்?"

கொரோமைப் பிடித்து மடியில் போட்டாள். கத்தரியைத் திறந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேண்டாம்."

"ஏன்?"

என் பிடரியில் அந்த விரல்கள் இருந்த இடம் இன்னும் சில்லென்று இருந்தது. "இதுல இல்லேன்னா வேற எங்கேயாவது பிரிக்குமே" என்றேன்.  பிரோஷ்கா எங்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இடுப்புவரை தொங்கியது அவள் பின்னல். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

எதெல்கா கத்தரியை மூடி வைத்துவிட்டாள்.